நிறுத்து எண்ணிய வெள்ளி

(ஆண்டு நிறைவுத் தர்ம ஏலத்துக்கு முந்திய ஞாயிறு, ஆராதனைக்குப் பின் கூடிய குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

வரும் சனிக்கிழமை நடக்கும் தர்ம ஏலத்துக்கு இம்முறை ஒரு பெட்டி வெள்ளி நாணயங்கள் வந்திருக்கின்றன. அவற்றை எண்ணி, நிறுத்து, பட்டியல் எழுதிய நால்வரில் நானும் ஒருத்தி. பெட்டியில் என்ன இருக்கிறது, அதன் பெறுமதி என்ன, அதை நாம் எப்படிக் கையாளப்போகிறோம் என்பதை எல்லோருக்கும் விளங்கச் சொல்லும்படி கேட்டார்கள். பிள்ளைகளுக்கும் விளங்க வேண்டும் என்றார்கள். ஆகையால் பிள்ளைகளோடு பேசுவது போலவே பேசுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்த வழி

இந்தப் பெட்டி நமது சபைக் குடும்பம் ஒன்றிடமிருந்து வந்தது. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அந்த வீட்டு ஐயா இப்போது நம்மோடு இல்லை. எண்பதுகளில் கனடாவுக்கு வந்து, ஒரு கோப்பிக் கடையில் இரவு வேலை செய்தவர். கல்லாவுக்கு வரும் சில்லறைக்குள் எப்போதாவது ஒரு பழைய வெள்ளிக் காசு கண்ணில் படும். முதலாளியிடம் முன்பே அனுமதி கேட்டு வைத்திருந்தார். அதே பெறுமதியான காசைத் தன் சட்டைப்பையிலிருந்து கல்லாவில் போட்டுவிட்டு, பழையதை எடுத்துக்கொள்வார். பின்னாளில் கொஞ்சம் வசதி வந்தபோது நாணயக் கடைகளில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார்.

அவர் நோயாய்க் கிடந்த கடைசி மாதங்களில், நம் சபையின் உபகரண அறையிலிருந்து ஒரு சக்கர நாற்காலியும், உயர்த்தி இறக்கும் கட்டிலும் அந்த வீட்டுக்கு இரவலாகப் போயின. உங்களில் பலருக்கு அந்த அறை தெரியும். மண்டபத்தின் பின்னால், கதிரைகள் அடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சை முடிந்து தாத்தா ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டால், அன்று இரவே அவருக்கு வோக்கர் வேண்டும், உயரமான கழிவறை இருக்கை வேண்டும். திங்கட்கிழமை கடை திறக்கும்வரை காத்திருக்க முடியாது. அதற்காகத்தான் அந்த அறை. இப்போது அங்கே இரண்டு சக்கர நாற்காலிகளின் பிரேக் தேய்ந்துவிட்டது. பிரேக் பிடிக்காத நாற்காலியில் ஒரு முதியவரை ஏற்றுவதிலும் பார்க்க, நாற்காலி இல்லாமல் இருப்பதே நல்லது. இந்த ஏலத்துப் பணம் அந்த அறைக்குத்தான் போகிறது.

ஒரு காசுக்கு மூன்று விலை

பிள்ளைகளே, பெட்டிக்குள் மொத்தம் 88 நாணயங்கள் இருந்தன. ஒரு டொலர் நாணயங்கள் 12. ஐம்பது சதம் 5. இருபத்தைந்து சதம் 24. பத்துச் சதம் 40. இவை 81. இவற்றைவிட 1976 மொன்றியல் ஒலிம்பிக் போட்டிக்காக வெளியிட்ட பெரிய நாணயங்கள் 4. மிச்சம் மூன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த 81 காசையும் கடைக்குக் கொண்டுபோய்ச் செலவழித்தால் எவ்வளவு கிடைக்கும்? கூட்டிப் பாருங்கள். 24 டொலர் 50 சதம். இது முதலாவது விலை, காசின் முகத்தில் எழுதியிருக்கும் விலை.

இரண்டாவது, உள்ளே இருக்கும் வெள்ளியின் விலை. 1920ஆம் ஆண்டிலிருந்து 1966 வரை கனடாவின் வெள்ளிக் காசுகளில் 100க்கு 80 பங்கு வெள்ளி, 20 பங்கு செம்பு. ஒரு டொலர் நாணயத்தின் எடை 23.33 கிராம். அதற்குள் சுத்த வெள்ளி 18.66 கிராம். இதில் ஒரு அழகு உண்டு. நான்கு இருபத்தைந்து சதத்தைத் தராசில் வைத்தாலும் அதே எடை, பத்துப் பத்துச் சதத்தை வைத்தாலும் அதே எடை. எந்தக் காசாக இருந்தாலும் ஒரு டொலர் பெறுமதிக்கு ஒரே அளவு வெள்ளி. வெள்ளியை விற்கும் அவுன்ஸ் 31.1 கிராம். ஆகவே ஒரு டொலர் பெறுமதிக்குள் 0.6 அவுன்ஸ் வெள்ளி இருக்கிறது. 24.50ஐ 0.6ஆல் பெருக்குங்கள். 14.7 அவுன்ஸ். தேய்ந்த காசுகளில் இது சற்றுக் குறையும்.

வெள்ளி விலை நாளுக்கு நாள் மாறும். கணக்குக்காக ஒரு அவுன்ஸ் 30 டொலர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு பத்துச் சதக் காசுக்குள் 1 டொலர் 80 சதத்துக்கு வெள்ளி இருக்கிறது. முகத்தில் எழுதிய விலையைப்போலப் பதினெட்டு மடங்கு.

மூன்றாவது, சேகரிப்பவர் தரும் விலை. இது காசின் ஆண்டு, எத்தனை அடிக்கப்பட்டன, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. நம் பெட்டியில் உள்ள காசுகளில் பெரும்பாலானவைக்கு இந்த மூன்றாவது விலை அதிகமில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். கையோடு கை மாறித் தேய்ந்த காசுகள் அவை. அவற்றுக்கு வெள்ளியின் விலைதான் விலை. ஒரு சில மட்டும் அதற்கு மேல் போகும்.

எல்லாவற்றையும் ஒரே மொத்தமாக ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிட்டால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். அது பிழையான யோசனை அல்ல. ஆனால் அப்படிக் கொடுத்தால் அந்த ஒரு சிலவும் எடைக்கே போய்விடும். ஆகையால் பிரித்துக்கொண்டோம். தேய்ந்தவை சிறு சிறு பொதிகளாக, அன்றைய வெள்ளி விலைக்குக் குறையாமல் ஏலத்துக்கு வரும். நல்லவை தனித்தனியே வரும். இன்னொரு விடயம், வாங்கிக்கொண்டுபோய் உருக்கிச் சங்கிலி செய்யலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கனடாவில் சட்டபூர்வமான நாணயத்தை அனுமதிப்பத்திரம் இல்லாமல் உருக்குவது குற்றம்.

காசு சொல்லும் கதை

1908ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி ஒட்டாவாவில் நாணயசாலை திறந்தபோது முதலில் அடித்த காசு ஒரு வெள்ளி ஐம்பது சதம். அந்த நாட்களில் 100க்கு 92.5 பங்கு வெள்ளி. 1935இல் முதலாவது வெள்ளி டொலர் வந்தது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் வெள்ளி விழா ஆண்டு அது. அந்த டொலரில் ஒரு தோணி இருக்கிறது. விலங்குத்தோல் வியாபாரத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் ஒருவரும் பூர்வீகக் குடி ஒருவரும் துடுப்பு வலிக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் பின்னால் வட துருவ ஒளியும் மெல்லிய கோடுகளாகத் தெரியும். 1937இல் பத்துச் சதத்தில் பாய்க்கப்பலும் இருபத்தைந்து சதத்தில் கரிபு மானின் தலையும் வந்தன. இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் காசிலும் அவை இருக்கின்றன.

1967இல் கனடாவின் நூற்றாண்டு. அந்த ஆண்டுக் காசுகளை அலெக்ஸ் கொல்வில் என்ற ஓவியர் வரைந்தார். டொலரில் பறக்கும் வாத்து, ஐம்பது சதத்தில் ஊளையிடும் ஓநாய், இருபத்தைந்து சதத்தில் காட்டுப் பூனை, பத்துச் சதத்தில் மீன். நம் பெட்டியில் வாத்து டொலர் இரண்டு, ஓநாய் ஒன்று இருக்கின்றன. சனிக்கிழமை கேட்டுப் பாருங்கள், காட்டுவோம்.

இனி நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு காசு. அதுவும் இருபத்தைந்து சதம்தான். 1947 என்ற ஆண்டுக்குப் பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு சிறிய மேப்பிள் இலை தெரியும். அது ஏன் அங்கே வந்தது? அதுவரை காசில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் பெயரோடு, இந்தியாவின் பேரரசர் என்ற பட்டமும் இலத்தீன் மொழியில் சுருக்கமாக இருந்தது. 1947 ஓகஸ்டில் இந்தியா சுதந்திரம் அடைந்தது. பட்டத்தை எடுத்துவிட்டுப் புது அச்சுகள் செய்ய வேண்டும். அவை வந்துசேரத் தாமதமானது. ஆனால் 1948இல் நாட்டுக்குச் சில்லறை வேண்டுமே. ஆகவே ஒட்டாவாவில் 1947 என்ற ஆண்டோடேயே காசு அடித்தார்கள். இது பிறகு அடித்தது என்று அறிய ஒரு சிறிய இலையைப் பக்கத்தில் வைத்தார்கள். புது அச்சு வந்தபின் 1948 என்ற ஆண்டில் அடிக்கக் கொஞ்சக் காலமே மிஞ்சியது. அதனால் 1948 டொலர் 18,780 மட்டுமே அடிக்கப்பட்டது. சேகரிப்பவர்கள் அதைத் தேடித் திரிகிறார்கள்.

1948 பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கைக்கும் சுதந்திரம் கிடைத்தது. நம் நாடுகளில் கொடி மாறிய அந்த மாதங்களின் அடையாளம், இந்தக் குளிர் நாட்டுக் காசில் ஒரு சிறிய இலையாக இருக்கிறது. நம் பெட்டியில் 1948 டொலர் இல்லை. இலை உள்ள இருபத்தைந்து சதம் ஒன்று இருக்கிறது. அது பெரிய விலைக்குப் போகாது. ஆனாலும் பேரப்பிள்ளைக்கு ஒரு கதையோடு கொடுக்க நல்ல காசு.

துடைக்க வேண்டாம்

நம் வீடுகளில் வெண்கலக் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டு மினுக்குவார்கள். வெள்ளிக் கிண்ணத்துக்குப் பற்பசை. பெட்டியைத் திறந்ததும் நம் இளைஞர் ஒருவர் நல்ல மனதோடு, நான் எல்லாவற்றையும் மினுக்கித் தருகிறேன் என்றார். தயவுசெய்து வேண்டாம் என்றோம். வெள்ளியின் மேல் படியும் கறுப்பு, காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாவது. அதைத் தேய்த்து எடுத்தால் மேற்பரப்பில் இருக்கும் வெள்ளியும் சேர்ந்து போகும், கீறல் விழும். சேகரிப்பவர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்து விலையைப் பாதியாக்கிவிடுவார். ஆறிவரும் காயத்தின் மேல் படிந்த மெல்லிய தோலை, அழகாக இல்லை என்று உரித்தெடுப்பது போன்ற வேலை அது. பார்க்க விரும்பும் பிள்ளைகள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, காசின் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடியுங்கள். கீழே ஒரு துவாய் விரித்திருப்போம்.

காந்தத்தில் ஒட்டிய மூன்று

மிச்சம் மூன்று காசைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அவையும் ஒரு டொலர் நாணயங்கள், அதே தோணிப் படம். தனியாக ஒரு சிறிய துணிப்பையில், மற்றவற்றைவிடக் கவனமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. ஆனால் கையில் எடுத்ததுமே பாரம் குறைவு. அகலமும் குறைவு. வெள்ளி டொலர் 36 மில்லிமீற்றர், இவை 32. ஆண்டைப் பார்த்தால் 1968, 1969, 1972. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனதும் டக்கென்று ஒட்டிக்கொண்டன.

வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. நிக்கல் ஒட்டும். அறுபதுகளில் வெள்ளி விலை ஏறிக்கொண்டே போனதால் 1967இல் பத்துச் சதம், இருபத்தைந்து சதம் ஆகியவற்றில் வெள்ளியை 50 பங்காகக் குறைத்தார்கள். 1968இல் வெள்ளியை விட்டு நிக்கலுக்கு மாறினார்கள். அந்த ஆண்டுப் பத்துச் சதமும் இருபத்தைந்து சதமும் வெள்ளியிலும் உண்டு, நிக்கலிலும் உண்டு. பார்த்துச் சொல்வது கடினம். காந்தம் சொல்லிவிடும். டொலரோ 1968இல் முழுவதும் நிக்கல்.

இப்போது என்ன செய்வது? கணவர் பொத்திப் பொத்தி வைத்ததை, இது வெள்ளி இல்லை என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எல்லோருக்கும் தயக்கம். பட்டியலில் பழைய டொலர் என்று மட்டும் போட்டால் போதும், கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் விடுவோம், எல்லாம் தர்மத்துக்குத்தானே என்றும் ஒரு பேச்சு வந்தது.

அந்தக் கடைசிச் சொல்லைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தர்மத்துக்குத்தானே. சந்தையில் ஒரு வியாபாரி நிக்கலை வெள்ளி என்று விற்றால் அதைக் களவு என்போம். சபை மண்டபத்தில், சிலுவைக்குக் கீழே மேசை போட்டு, வாங்குபவர் தானாக நினைத்துக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டால் அதற்கு வேறு பெயர் உண்டா? நல்ல நோக்கம் தராசின் தட்டில் வைக்கும் படிக்கல் அல்ல. அது எடையைக் கூட்டாது.

ஆகவே இருவர் போய்ச் சொன்னோம். அந்த அம்மா சிரித்தார். "அது வெள்ளியில்லை எண்டு அவருக்கும் தெரியும் பிள்ளை. கனடாவுக்கு வந்த முதல் மாசம் கடையில கிடைச்ச காசு ஒண்டு, மற்ற ரெண்டும் பிள்ளையள் பிறந்த நேரம் எடுத்து வைச்சது. மறந்துபோய் அதுக்குள்ள வந்திட்டுது போல" என்றார். முதலாவதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டையும் பிள்ளைகளிடமே கேட்டுக் கொடுத்தார். அந்தக் குடும்பத்துக்கு அந்த மூன்று காசும் பெட்டியில் இருந்த மற்ற எல்லாவற்றையும்விடப் பெறுமதியானவை. நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவை யாரோ ஒருவருடைய மேசை லாச்சிக்குப் போயிருக்கும், வாங்கியவரும் ஏமாந்திருப்பார். உண்மையைச் சொல்லப் பயந்த இடத்தில், அது கொடுத்தவருக்கே நன்மையாக முடிந்தது. அப்படி முடியாமல் அவர் மனம் நொந்திருந்தாலும், சொல்லியே இருக்க வேண்டும்.

எஸ்றாவின் தராசு

வேதத்தில் வெள்ளி வரும் இடங்களைப் பார்த்தால், பல இடங்களில் தராசும் கூடவே வருகிறது. சாராளை அடக்கம்பண்ண நிலம் வாங்கிய ஆபிரகாம், எப்பெரோனுக்கு நானூறு சேக்கல் வெள்ளியை எல்லோருக்கும் முன்பாக நிறுத்துக் கொடுத்தார். எப்பெரோன் முதலில் சும்மா தருகிறேன் என்றுதான் சொன்னார். ஆபிரகாம் நிறுத்தே கொடுத்தார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் எஸ்றாவின் புத்தகம் எட்டாம் அதிகாரம். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் போகும் கூட்டத்தின் கையில் ஆலயத்துக்கான காணிக்கை. வெள்ளி மட்டும் 650 தாலந்து. வழியில் கள்ளர் பயம். தேவன் காப்பார் என்று ராஜாவிடம் சொல்லியாயிற்று, இனிப் போய்ப் படைவீரரைக் கேட்க எஸ்றாவுக்கு வெட்கம். ஆகவே ஆற்றங்கரையில் உபவாசம் இருந்து ஜெபிக்கிறார்கள். ஜெபம் முடிந்ததும் எஸ்றா என்ன செய்தார்? ஆசாரியரில் பன்னிருவரைப் பிரித்தெடுத்து, காணிக்கையை அவர்கள் கையில் நிறுத்துக் கொடுத்தார். எருசலேம் சேர்ந்து நான்காம் நாள் ஆலயத்தில் மறுபடியும் நிறுத்தார்கள். எண்ணிக்கையும் எடையும் எழுதி வைக்கப்பட்டன.

உபவாசமும் ஜெபமும் செய்தவர்களிடமே தராசும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆசாரியர்கள்தானே, எதற்கு நிறுக்க வேண்டும் என்று எஸ்றா கேட்கவில்லை. அவர்கள் மேல் சந்தேகப்பட்டு நிறுத்தார் என்றும் நான் நினைக்கவில்லை. பிறகு யாரும் அவர்கள் மேல் சந்தேகப்படாதபடி நிறுத்தார். அப்போஸ்தலனாகிய பவுலும் எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைத் தனியே எடுத்துப் போகவில்லை. தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். இவ்வளவு பெரிய தொகையில் ஒருவரும் தங்களைக் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்பதே காரணம் என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார்.

நாங்கள் தாதிகள் இதை நாள்தோறும் செய்கிறோம். மோர்பின் போன்ற மருந்துகளைப் பூட்டிய அலுமாரியில் வைத்திருப்போம். வேலை நேரம் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் ஒன்றாக நின்று ஒவ்வொன்றாக எண்ணி, இருவரும் கையெழுத்து வைப்பது நான் பழகிய முறை. இருபது வருடம் ஒன்றாக வேலை செய்த சிநேகிதியாக இருந்தாலும் எண்ணுவோம். நீ என்னை நம்பவில்லையா என்று யாரும் கோபிப்பதில்லை. எண்ணி வைத்ததால்தான் நிம்மதியாக வீட்டுக்குப் போய் நித்திரை கொள்கிறோம்.

இந்தப் பெட்டிக்கும் அதே முறை. நால்வர் எண்ணினோம், நான்கும் வெவ்வேறு குடும்பம். ஒவ்வொரு காசுக்கும் இலக்கம், ஆண்டு, எடை, இரு பக்கமும் படம். பட்டியலின் ஒரு பிரதி கொடுத்த குடும்பத்திடம், ஒன்று பொருளாளரிடம். சனிக்கிழமை காலை ஏலத்துக்கு முன் மறுபடி எண்ணி நிறுப்போம். எடுத்தவர் கையில் கொடுக்கும்போதும் அவர் கண்முன் தராசில் வைத்தே கொடுப்போம்.

பற்றுச்சீட்டு பற்றியும் ஒரு சொல். கொடுத்தவருக்கு வரிக்கான பற்றுச்சீட்டு, பொருளின் நியாயமான சந்தை விலைக்கே எழுதப்படும். அன்புக்காகக் கொஞ்சம் கூட்டி எழுதுங்கள் என்று யாரும் கேட்க வேண்டாம். கூட்டி எழுதினால் சபையின் தர்ம ஸ்தாபனப் பதிவே போய்விடக்கூடும். ஏலத்தில் எடுப்பவருக்கு முழுத் தொகைக்கும் பற்றுச்சீட்டு கிடைக்காது. உதாரணமாக, 100 டொலர் பெறுமதியான காசை 150க்கு எடுத்தால், மேலதிகமான 50 டொலருக்கே பற்றுச்சீட்டு. 120க்கு எடுத்தால் பற்றுச்சீட்டு இல்லை. ஏனென்றால் பொருளின் பெறுமதி, கொடுத்த பணத்தில் 80 வீதத்தைத் தாண்டிவிட்டது. இது கனடாவின் வரி விதி.

தராசில் ஏறாதது

தராசைப் பற்றி இவ்வளவு சொன்ன நான், அதற்கு எட்டாத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

யூதாஸ் திருப்பி எறிந்த முப்பது வெள்ளிக்காசும் நல்ல வெள்ளிதான். எடை சரி, எண்ணிக்கை சரி. ஆனாலும் அதைக் காணிக்கைப் பெட்டியில் போட ஆசாரியரே துணியவில்லை. இரத்தத்தின் விலை என்று ஒரு நிலத்தை வாங்கினார்கள். மறுபக்கம், ஆண்டவர் பார்த்துப் புகழ்ந்த அந்த ஏழை விதவையின் காசில் வெள்ளியே இல்லை. அன்றைய மிகச் சிறிய செப்புக் காசு இரண்டு. வேதத்திலேயே பேர்பெற்ற காணிக்கை, இன்று நம் வெள்ளிப் பட்டியலில் இடம் பிடித்திருக்காது.

ஏலத்தில் ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் கைதட்டுவார்கள். அது ஏலத்தின் இயல்பு. ஊரில் அறுவடைப் பண்டிகையில் வாழைக்குலையும் தேங்காயும் கோழியும் ஏலம் போனதைப் பெரியவர்கள் கண்டிருப்பீர்கள். எடுத்தவரே அதைத் திருப்பிக் கொடுப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரு தேங்காய் மூன்று தரம் விலைபோகும். சிரிப்பும் பகிடியுமாக இருக்கும். ஆனால் அதே பந்தலில், கேட்க வசதியில்லாமல் ஓரமாக நின்றவர்களும் இருந்தார்கள். இங்கேயும் இருப்பார்கள். அண்மையில் வந்து அகதி விண்ணப்பத்துக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. ஓய்வூதியத்தில் வாடகை கட்டும் அம்மாமார் இருக்கிறார்கள்.

அதனால் குழு மூன்று விடயங்களைத் தீர்மானித்தது. முதலாவது, பத்துச் சதக் காசுகளில் 20 ஏலத்துக்கு வராது. கொடுத்த அம்மாவின் சம்மதத்தோடு, அன்றைய வெள்ளி விலைக்கே பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம். பிள்ளைகளே, உங்கள் உண்டியல் காசோடு வாருங்கள், ஆளுக்கு ஒன்று. இரண்டாவது, யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்பதை எந்த மலரிலும் அச்சிட மாட்டோம். மொத்தத் தொகையையும், அதில் என்ன வாங்கினோம் என்பதையும் மட்டும் அறிவிப்போம். மூன்றாவது, பணமாகக் கொடுக்க இயலாதவர்களின் உதவியும் இந்த ஏலத்தில் சேர்க்கப்படும். சக்கர நாற்காலிகளைக் கழுவித் துடைக்க, திருகாணி இறுக்க, வீடுகளுக்கு ஏற்றி இறக்க ஆட்கள் தேவை. அதற்கு ஒரு தாள் வாசலில் இருக்கிறது. அதில் பெயரை எழுதுபவர், காசை எடுத்தவருக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் அல்ல.

கொடுத்தவரின் இருதயத்தை நிறுக்க நம்மிடம் படிக்கல் இல்லை. ஆகவே அதில் நாம் கை வைக்க வேண்டாம். கொடுக்கப்பட்டதை நிறுக்க நம்மிடம் தராசு இருக்கிறது. அதை நாம் சரியாகப் பிடிப்போம். முன்னையது கர்த்தருடைய வேலை, பின்னையது நம்முடையது. இரண்டையும் மாற்றிச் செய்யும்போதுதான் சபைகளில் மனக்கசப்பு வருகிறது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபம் திறக்கும். நாணயங்களைப் பார்க்க ஒரு மணி நேரம், அதன்பின் ஏலம். காந்தமும் பூதக்கண்ணாடியும் மேசையில் இருக்கும். பிள்ளைகளே, எந்தக் காசையும் சோதித்துப் பாருங்கள். ஒட்டுகிற காசு ஒன்று கிடைத்தால் வெட்கப்படாமல் உரக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் நாங்கள் கோபிக்க மாட்டோம்.

இத்தனை வருடம் இந்தச் சபையை நடத்தி வந்த கர்த்தர், நாம் கொடுப்பதையும், பெற்று எண்ணுவதையும், பிறர் கையில் சேர்ப்பதையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.